செட்டில் இருந்த சின்ன வெள்ளை மாத்திரை

போனில் நீ சொன்ன பொய்யால்தான் உன் சித்தி செத்தாள். மற்றவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். விரதம் இருந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், அவள் ஆயுசு அவ்வளவுதான் என்பார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கிருமித் தொற்று என்று எழுதியிருக்கிறது. நடந்தது என்னவென்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டாக்டர் என்னைக் கேட்டார். நான் உன்னைக் கேட்டேன். நீ இல்லை என்றாய்.

உன் புதுக்கடை அழைப்பிதழ் பத்து நாளுக்கு முன் ஜீப்பில் வந்தது. வெள்ளக்கடை ஊரில் மெடிக்கல், உன் பெயர், பெயருக்குப் பின்னால் படிப்பு. ‘என் தாயார் குத்துவிளக்கேற்ற’ என்று என்னைக் கேட்காமலே அச்சடித்திருக்கிறாய். கார்டைக் கொடுத்த ஜீப்காரர், “என்னுங்கக்கா, பையன் பெரிய ஆளாயிட்டானாட்ட இருக்குது. இனி எங்களுக்குத் தலவலின்னா உங்கூட்டுக் கதவத்தான் தட்டோணும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வருடம் முன்பு இந்தக் கார்டு வந்திருந்தால் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன். இப்போது அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். விளக்கேற்ற நான் வரமாட்டேன். ஏன் வரமாட்டேன் என்று உன் காதில் மட்டும் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பன்னிரண்டாவது முடித்ததும் நீ பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. நர்சிங் வேண்டாம் என்றாய், எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம் என்றாய். மருந்தாளுநர் படிப்பு இரண்டே வருடம், வெள்ளைக் கோட்டுப் போடலாம், கையில் மண் படாது என்று யாரோ சொன்னார்கள். உன் அப்பா திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்த உன் செல்விச் சித்தியும் நானும்தான் உன்னைத் தூக்கி வளர்த்தோம். கல்லூரிக்கு முதல் பஸ்ஸில் மலையின் இருபது வளைவும் இறங்கி அடிவாரம் சேர்வதற்குள் நீ வாந்தி எடுத்துவிடுவாய். உன் சட்டைப் பையில் தினமும் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பியவள் அவள். கல்லூரி முடிந்து மேலே வந்ததும் கடைவீதி மெடிக்கலில் நிற்பாய். அந்த முதலாளி உன்னைத் தம்பி என்று கூப்பிடுவார். பிறகு தங்கிக்கொள்ளக் கடைக்குப் பின்னால் இருந்த அறையையும் உனக்கே கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நானே ஊரெல்லாம் சொன்னேன்.

அந்தக் கடையில் இரண்டு வியாபாரம் நடந்தது. நீ இரண்டையும் செய்தாய். ஏரியில் படகு விட வந்த சுற்றுலாக்காரர்கள் தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்டால் முழு அட்டையை எடுத்து, தேதியைக் காட்டி, பில் போட்டு, அச்சடித்த கவரில் கொடுப்பாய். எங்களைப் போல் எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் ‘ஒரு செட் குடுங்க’ என்பார்கள். எதற்கு என்றுகூட நீங்கள் கேட்பதில்லை. ஒரு கேப்சூல், ஒரு மஞ்சள், ஒரு பெரிய வெள்ளை, ஒரு சின்ன வெள்ளை. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, நியூஸ்பேப்பரில் மடித்துக் கையில் தருவீர்கள். பிதுக்கிய மாத்திரைக்குப் பெயர் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு, எங்களுக்கு வலி நின்றால் போதும். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் லைனில் பிறந்த நீயும் அந்தப் பக்கம் போய் நின்ற முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாய்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் எஸ்டேட்டுக்கு அந்தச் செட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருவேன், திரும்பும்போது டிபன் பை நிறையப் பொட்டலம் இருக்கும். காபி பறித்து இடுப்பு விட்டுப்போனவள், மிளகு ஏணியில் ஏறி முட்டி போனவள், எல்லோரும் என் வாசலுக்கு வருவார்கள். நான் ஒரு டாக்டர் மாதிரி, ‘சாப்பிட்டுப்போட்டுப் போடோணும், வெறும் வயித்துல கூடாது’ என்று சொல்லிக் கொடுப்பேன். என் மகன் கட்டியது என்று சொல்லாமல் ஒரு பொட்டலமும் கொடுத்ததில்லை. என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தேன். நீ தெரிந்து கொடுத்தாய். நம் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக நான் நல்லவள் ஆகிவிடமாட்டேன்.

செல்வி ஆடி மாதத்தில் ஆரம்பித்தாள். முட்டி வலியில் ராத்திரி முனகுகிறவள், இரண்டாம் நாளே ஏணியில் ஏறிப் பாட்டுப் பாடினாள். தினம் ஒன்று என்று ஆகிப்போனது. தீபாவளிக்குள் அவள் முகம் நன்றாக உருண்டு, கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து குச்சியாக இருந்தவள். எங்கள் லைனில் சதை போட்டால் அது சந்தோஷச் செய்தி. “ஏனக்கா, உன்ற தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்தாச்சா, மினுமினுங்கறா” என்று கேலி செய்தார்கள். அவளும் கண்ணாடி பார்க்க ஆரம்பித்தாள். புது ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். நம் வீட்டுச் சோறு இப்போதுதான் இவள் உடம்பில் ஒட்டுகிறது என்று நான் பெருமைப்பட்டேன். கை கால் மட்டும் மெலிந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். பார்த்தும், வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு மத்தியானம். உனக்கு ஏதோ பரீட்சை, வீட்டுக்கு வந்திருந்தாய். நீ எப்போதும் படிக்கிற முறை அது. இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவாய். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாய். அப்படித்தான் எனக்குச் சர்க்கரை நோயும் காசநோயும் ரத்தக்கொதிப்பும் தெரிந்தது. எந்த மருந்து எதைச் செய்யும், எது எதோடு சேரக் கூடாது என்று உன்னோடு சேர்ந்து நானும் பாதி பார்மசி படித்தேன். அன்றைக்கு ஸ்டீராய்டு என்று ஒரு பக்கம் வந்தது. நீண்ட நாள் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், தோல் மெலியும் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தாய். “முகம் நெலா மாதிரி உருண்டையாயிரும்” என்று சொல்லி, அங்கே நின்றுவிட்டாய். கண்ணைத் திறந்தாய். எதிரே உன் சித்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். “யாருக்குச் சாமி, நெலா மாதிரி? நமக்கெல்லாம் அந்தக் குடுப்பினை எங்க இருக்குது” என்றாள். நான் சிரித்தேன். அடுத்த கேள்வி கேட்டேன், திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று. நீ வேகவேகமாக ஒப்பித்தாய். உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், அதனால் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்து. ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்தப் பரீட்சையில் உனக்கு நல்ல மார்க்.

அன்றைக்கு நீ ஒன்று சொல்லியிருக்கலாம். சித்தி, அந்தச் செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், டாக்டரிடம் காட்டலாம் என்று. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எங்களைச் சிரிக்க வைக்க வேறு ஒன்று சொன்னாய். கேப்சூலின் மேல்தோல் எதில் செய்வது தெரியுமா என்று கேட்டு, ஆடுமாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது என்றாய். செல்வி கையில் இருந்த மொச்சையைப் போட்டுவிட்டு, “அட கருமமே, வெள்ளிக்கெழமையும் தின்னுப்போட்டனே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நீ கல்லூரியில் படித்ததில் எங்களுக்கு மனசில் நின்றது அது ஒன்றுதான்.

மே மாதம் மலைமேல் கோவில் திருவிழாவுக்கு அவள் விரதம் எடுத்தாள். உனக்கு நல்லபடியாகச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும் என்றுதான் வேண்டுதல். கவிச்சி கூடாது. கேப்சூல் கவிச்சி. கேப்சூலோடு ஒரே பொட்டலத்தில் ஒட்டிக்கிடந்த மற்ற மூன்றும் தீட்டு. பொட்டலத்தையே தூக்கி அடுப்பில் போட்டாள். முதல் நாள் கொஞ்சம் தலை சுற்றல். மூன்றாம் நாள் வாந்தி. விரதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் விழுந்தாள். ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு அவள் தலை என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். பிரஷரைப் பார்த்துவிட்டு, செல்வியின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். “இவங்க ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா? முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியுது. ஆமான்னா உடனே வேற ஊசி போடணும்” என்றார். என் மகன்தான் மாத்திரை கொடுப்பான், அவன் படித்தவன் என்று சொல்லி உனக்குப் போன் போட்டேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன்.

“சாமி, சித்திக்கு நீ குடுத்த செட்டுல ஸ்டீராய்டு இருந்துச்சான்னு டாக்டரம்மா கேக்கறாங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லு. இப்பவே ஊசி போடோணுமாம்.”

கடையில் மேஜை டிராயர் சாத்துகிற சத்தம் கேட்டது. “இல்லம்மா. கால்சியமும் சத்து மாத்திரையுந்தான்.”

டாக்டரம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார். நீங்கள் பார்மசி படித்தவரா, உறுதியாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார். உறுதிங்க மேடம் என்றாய். படித்த பையனே சொல்கிறான் என்று அவர் எழுதிக்கொண்டார். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். பிணத்தைத் தூக்க நீ முதல் ஆளாக வந்தாய், தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். உன்னைப் பார்த்து ஊரே அழுதது. உன் முதலாளி ஆளுயர மாலையோடு வந்து, “ஏனுங்கம்மா, நம்ம கையில என்னுங்க இருக்குது” என்றார். அந்தக் கையால்தான் டிராயரைச் சாத்தினாரா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து நீ கிளம்பும்போதுதான் நோட்டு என் கையில் கிடைத்தது. அந்த ஸ்டீராய்டுப் பக்கத்தைத் திறந்து, வாசி என்றேன். வாசித்தாய்.

“அப்ப செட்டுல இது இருந்தது உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும்” என்றாய். பிறகு நான் கேட்காமலே சொன்னாய். “அவரு பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரும்மா. பயிற்சிச் சான்றிதழுக்கு அவருதான் கையெழுத்துப் போடோணும். ஆமான்னு சொல்லியிருந்தாக் கடையச் சீல் வெச்சிருவாங்க, எம்படிப்பும் போயிரும். ஒரு நாள்ல தெளிஞ்சிருமுன்னு நெனச்சேன்.”

நீ வீணாகப் பயந்தாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடம் நாங்கள் உழைத்தது அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால்தான் நின்றது. ஒரு கடைக்காரன் கையெழுத்தில் ஒரு பையனுடைய பிழைப்பைத் தொங்கவிட்டு, அவனையே அந்தக் கடைக்குக் காவலும் வைக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை உனக்குச் சாக்காகத் தரமாட்டேன். படிக்காத எவனும் உன்னை மாதிரி ஒரு பொய்யால் ஆளைக் கொன்றிருக்க முடியாது. அவன் பேச்சை எந்த டாக்டர் எழுதிக்கொள்வார்? உன் படிப்பைப் பார்த்துத்தான் அந்த அம்மா நம்பினார்.

இன்னொன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு ஏழு வயதிருக்கும். எஸ்டேட்டுக்கு மட்டம் போட்டுவிட்டு நான் லாட்ஜில் பாத்திரம் கழுவப் போன நாளில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாய். அவர் மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டும் உன் முகம் அசையவில்லையாம். அன்று சாயங்காலம் உனக்குக் கிரீம் பிஸ்கட் வாங்கித் தந்தேன். மேலே இருக்கிறவனிடம் பிழைக்கச் சொல்கிற பொய்யும், கீழே கிடக்கிறவளைச் சாகவிடுகிற பொய்யும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்லித்தர எனக்கு நேரமில்லை. நீயாகவே தெரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். அது என் தவறு. பதினாறாம் நாள் சாயங்காலம் உனக்குச் சோறு போட்டு அனுப்பியது அதைவிடப் பெரிய தவறு. செத்தவள் செத்துவிட்டாள், இருப்பவனாவது பிழைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். சான்றிதழ் வந்தது. மருந்தாளுநராகப் பதிவு ஆனது. இப்போது அந்த முதலாளி போட்ட பணத்தில், உன் பெயரில் கடையும் வருகிறது.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எங்கள் லைனில் இன்னும் பதினோரு பேர் அந்தச் செட்டைத் தின்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். செல்வி ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து நானும் ஆரம்பித்தேன், இடுப்பு வலிக்கு. உன்னிடம் கேட்டால் திட்டுவாய் என்று மற்றவர்கள் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். கருமாதிக்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அதனால் அது உருண்டது உனக்குத் தெரிந்திருக்காது. கூடாது என்று தெரிந்தும் ஆவணியில் நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. உன் நோட்டில் இருந்தது எல்லாம் வரிசையாக வந்தது. பயந்துபோய் மறுபடி தின்றேன். இன்று காலையும் தின்றேன். தின்றாலும் சாவு, நிறுத்தினாலும் சாவு என்று மற்றவர்களிடம் சொன்னபோது பாதிப்பேர் நம்பவில்லை. நம்பிய பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள். கொண்டுவந்து கொடுத்தவள் நீதானே என்றார்கள். உண்மைதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் போனேன். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். சின்ன வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியாது என்றார். ஸ்டீராய்டிலேயே பல வகை, ஒன்றில் முக்கால் மில்லிகிராம் இன்னொன்றில் ஐந்துக்குச் சமம், எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்தால் ஒவ்வொருவருக்கும் சரியாகக் குறைத்துக்கொண்டு வரலாம், கடையில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். உன் முதலாளியிடம் போனேன். “செட்டுன்னா செட்டுதானுங்க, அதுக்கென்னுங்க பேரு” என்றார். அதோடு எங்களுக்குச் செட்டுத் தருவதையும் நிறுத்திவிட்டார். அப்புறம்தான் உன்னிடம் வந்தேன்.

போன வாரம் வெள்ளக்கடையில் உன் புதுக்கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கடிதத்தின் முதல் படியை உன் கையில் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாய். கருமாதிக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாய். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெயிண்டரிடம் போர்டில் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று சொன்னாய். நான் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். எனக்கு டீ வாங்கிக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாய்.

அதனால்தான் இரண்டாம் படியை எல்லோருக்கும் கொடுக்கிறேன். உன்னைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி இதில் கேட்கவில்லை, அதை மற்றவர்கள் கேட்டால் தடுக்கவும் மாட்டேன். சித்தி படத்துக்கு மாலை போடச் சொல்லவில்லை. நீ அழ வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள் எடு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையின் பெயர் என்ன? ஒன்றில் எத்தனை மில்லிகிராம்? எந்த மாதத்திலிருந்து செட்டில் போட்டாய், நடுவில் மாற்றினாயா? எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போடு. எங்களிடம் இன்னும் ஒன்பது நாளைக்குத்தான் பொட்டலம் இருக்கிறது. பெயரைச் சொல்.